கையில் ஸ்பனர், மடியில் கையேடு

பெண்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது வடக்கிலோ கிழக்கிலோ இன்று எவருக்கும் வியப்பான விடயமன்று. காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தின் எந்தச் சந்தியில் நின்று பார்த்தாலும் ஆசிரியைகள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சந்தைக்கு மரக்கறி கொண்டு செல்பவர்கள் எனப் பலரும் ஸ்கூட்டியிலும் ஹொண்டாவிலும் விரைந்து கொண்டிருப்பதைக் காணலாம். ஆனால் அதே வண்டி பழுதாகி நின்றுவிட்டால் நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. வண்டியை உருட்டிக்கொண்டு போய்க் கராஜ் வாசலில் விட்டு, "இதை ஒருக்கால் பாருங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு, ஓரத்தில் கிடக்கும் வாங்கிலில் அமர்ந்துவிடுகிறோம். என்ன பழுது, எதைக் கழற்றினார்கள், எதை மாற்றினார்கள் என்பது எமக்குத் தெரியாது. பற்றுச்சீட்டில் "எஞ்சின் வேலை" என்ற இரண்டு சொற்களும் ஒரு தொகையும் இருக்கும்.

சமூகப் பணியாளராக நான் வேலை செய்யும் வலிகாமம் பகுதியில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றுக்கு மோட்டார் சைக்கிள் என்பது வசதி அல்ல, வாழ்வாதாரம். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அதிகாலையில் இடியப்பமும் பிட்டும் அவித்து ஐந்து மணிக்கெல்லாம் நான்கு கடைகளுக்குக் கொடுத்து வருகின்றார். வண்டி கணவர் விட்டுச் சென்ற பழைய ஹொண்டா சி90. வண்டி ஓடாத நாட்களில் முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டும். அந்தக் கூலியைக் கொடுத்த பின்னர் அவருக்கு மிஞ்சுவது பாத்திரம் கழுவும் வேலை மட்டும்தான்.

அந்த வண்டிக்கு இரண்டு நோய்கள் இருந்தன. சூடேறிய பின் நிறுத்தினால் மறுபடி ஸ்ராட் ஆகாது; கடை வாசலில் நின்று இருபது தடவை உதைக்க வேண்டும். அத்துடன் பின்னால் நீலப் புகை. ஒரு கராஜில் மூன்று கிழமை வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது எஞ்சின் சத்தம் குறைந்திருந்தது. நோய்கள் இரண்டும் அப்படியே இருந்தன. "சிலிண்டர் போர் பண்ண வேணும், எஞ்சினே மாத்தினாலும் நல்லது" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அத்தொகை அவருக்கு எட்டாதது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய வண்டிகளின் விலை ஏறிக்கொண்டே போனதையும், 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது உதிரிப்பாகங்களின் விலை எங்கே போய் நின்றது என்பதையும் வாசகியர் அறிவீர்கள். 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது உண்மைதான். ஆனால் இடியப்பம் விற்றுப் புது வண்டி வாங்கும் விலையில் எதுவும் வரவில்லை.

இந்த நிலையில்தான் லண்டனிலுள்ள அவருடைய உறவினர் ஒருவர் அங்கே பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த ஹேய்ன்ஸ் நிறுவனத்தின் திருத்தற் கையேட்டை அனுப்பி வைத்தார். சி50, சி70, சி90 ஆகிய மூன்று வண்டிகளுக்குமான ஆங்கில நூல். அக்கா அதை என்னிடம் கொண்டுவந்து, "மிஸ், இதில என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

திருத்தற் கையேடு என்பது என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். வண்டியுடன் வரும் சிறு புத்தகம் அல்ல அது. அந்தச் சிறு புத்தகம் எங்கே ஒயில் ஊற்றுவது, ரயருக்கு எவ்வளவு காற்று என்பதோடு நின்றுவிடும். திருத்தற் கையேடோ எஞ்சினைக் கடைசி ஆணி வரை எந்த ஒழுங்கில் கழற்றுவது, ஒவ்வொரு பாகமும் எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும், எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பவற்றை இலக்கமிட்ட படங்களோடு சொல்வது. கராஜில் பத்து வருடம் நின்ற ஒருவரின் கையில் இருக்கும் அறிவில் ஒரு பெரும்பகுதி அங்கே எழுத்தில் இருக்கின்றது.

எழுத்தில் இருக்கின்றது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்றபோது சிந்தியா கொக்பேர்ன் என்ற பிரித்தானிய ஆய்வாளர் 1983 இல் வெளியிட்ட "பிரதர்ஸ்" என்ற நூலைப் பற்றிப் படித்தோம். லண்டன் பத்திரிகை அச்சகங்களில் எழுத்துக் கோக்கும் ஆண் தொழிலாளர்கள் தமது திறனைப் பெண்களுக்கு எட்டாமல் எவ்வாறு வைத்திருந்தனர் என்பது அவருடைய ஆய்வு. எமது கராஜ்களில் யாரும் திட்டமிட்டு எம்மைத் தடுப்பதில்லை. பதின்மூன்று வயதில் ஒரு பையன் விடுமுறைக்குக் கராஜில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுத்தால் "தொழில் பழகட்டும்" என்கிறோம். அதே வயதுப் பெண்பிள்ளை அங்கே நிற்பதை எந்தத் தாயும் விரும்பமாட்டார். ஆகவே கையால் கைக்குப் போகும் அறிவு எமக்கு வருவதில்லை. புத்தகத்தால் வரும் அறிவோ ஆண் பெண் பார்ப்பதில்லை. எமது பெண்பிள்ளைகள் வாசிக்கத் தெரிந்தவர்கள்.

இன்னுமொன்று. நிவாரணமாகவும் வாழ்வாதார உதவியாகவும் எமது பெண்களுக்கு எத்தனை தையல் இயந்திரங்கள் கொடுக்கப்பட்டன! தையல் இயந்திரமும் இயந்திரம்தானே. நூல் அறுந்தால் ரென்சனைச் சரிபார்ப்பதும், பொபின் கேசைக் கழற்றித் துடைப்பதும், ஊசியும் கொக்கியும் சந்திக்கும் நேரத்தைத் திருத்துவதும் பெண்கள் தினமும் செய்கின்ற வேலைகள். எஞ்சினில் வால்வு திறந்து மூடும் நேரத்தைச் சரிசெய்வதும் அடிப்படையில் இதே வகை வேலைதான். ஆனால் அதை "மெக்கானிக் வேலை" என்கிறோம். இதைத் "தையல்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

சரி, வேலைக்கு வருவோம்.

கையேட்டில் நாம் முதலில் திறந்தது பழுது கண்டறியும் பக்கங்களை. எஞ்சின் ஸ்ராட் ஆக மூன்று விடயங்கள் வேண்டும்: பெற்றோல் வர வேண்டும், பிளக்கில் பொறி வர வேண்டும், சிலிண்டருக்குள் அமுக்கம் இருக்க வேண்டும். முதல் இரண்டையும் அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்தோம். பிளக்கின் இடைவெளி கையேட்டில் 0.6 தொடக்கம் 0.7 மில்லிமீற்றர், அதுவும் சரி. ஆகவே அமுக்கம். அமுக்கம் இரண்டு வழிகளால் கசியலாம்: வால்வு சரியாக மூடாமல், அல்லது பிஸ்டன் றிங் தேய்ந்து.

வால்வின் கதை சுவையானது. வால்வின் தண்டுக்கும் அதை அமத்துகின்ற கைக்கும் இடையே சிறிய இடைவெளி இருக்க வேண்டும். சூட்டில் தண்டு நீளும். இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. சி90 க்கு இந்த இடைவெளி இரு வால்வுகளுக்கும் 0.05 மில்லிமீற்றர், அதாவது ஒரு மெல்லிய தலைமயிரின் தடிப்பு. இடைவெளி கூடினால் டிக் டிக் என்று சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, ஆனால் சூடேறியதும் அமுக்கம் கசியும். நாம் கராஜில் என்ன சொல்கிறோம்? "அண்ணை, சத்தம் கேக்குது, சத்தமில்லாமல் செய்து தாங்கோ." அவர்களும் சத்தமில்லாமல் செய்து தருகிறார்கள்!

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, அதாவது 35 பாகை செல்சியசுக்குக் கீழே இருக்கும்போதே இதை அளக்க வேண்டும். எமது சித்திரை வெயிலில் மத்தியானம் நிழலில் நிற்கும் எஞ்சின்கூட அந்த அளவை நெருங்கும். ஆகவே விடியற்காலை வேலை. இடப்பக்க மூடியைக் கழற்றினால் பறக்கும் சில்லில் "ரி" என்ற எழுத்தும் ஒரு கோடும் தெரியும். சில்லை இடஞ்சுழியாகத் திருப்பி அந்தக் கோட்டை எஞ்சின் உடலிலுள்ள அடையாளத்துக்கு நேரே கொண்டுவந்தால் பிஸ்டன் உச்சியில் நிற்கும். இங்கேதான் கவனம் தேவை. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்று வேலைக்குப் பிஸ்டன் இரண்டு தடவை உச்சிக்கு வரும். இரண்டு தடவையும் "ரி" நேரே வரும், ஆனால் ஒன்றில் மட்டுமே இரு வால்வுகளும் மூடியிருக்கும். இரண்டு கைகளையும் விரலால் ஆட்டிப் பார்க்க வேண்டும். இரண்டும் சற்றே ஆடினால் அதுதான் சரியான உச்சி. ஆடாவிட்டால் இன்னும் ஒரு முழுச் சுற்று.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளின் கட்டு வேண்டும். வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். 0.05 தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்தால் மெல்லிய பிடிப்புத் தெரிய வேண்டும். நான் நூலை வாசிக்க, அக்கா தகட்டை விட்டுப் பார்த்தார். புகை போகும் பக்க வால்வில் தகடு உள்ளே போகவே இல்லை. ஒன்பதாம் இலக்க ஸ்பனரால் பூட்டு நட்டைத் தளர்த்தி, சரிசெய்து, மறுபடி இறுக்கி, இறுக்கிய பின் மீண்டும் அளந்தோம். இறுக்கும்போது அளவு மாறிவிடும் என்பதால் இந்த இரண்டாம் அளவைக் கைவிடக் கூடாது. "மிஸ், பிளவுசுக்குக் கைக்குழி அளவு பிடிக்கிற மாதிரித்தான், கொஞ்சம் பிடிச்சால் போதும்" என்றார் அக்கா. ஃபீலர் கேஜைப் பற்றி இதைவிட நன்றாக எந்தக் கையேடும் சொல்லியிருக்க முடியாது.

அன்று மத்தியானம் வண்டியைச் சூடேற்றி நிறுத்தி உதைத்தபோது இரண்டாவது உதையில் ஸ்ராட் ஆனது.

நீலப் புகை மட்டும் நின்றபாடில்லை. நீலம் என்றால் ஒயில் எரிகின்றது, கறுப்பு என்றால் பெற்றோல் கூடிவிட்டது. பிளக்கைக் கழற்றி அந்தத் துளையால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு, பிளக்கைப் பூட்டி உதைத்துப் பார்த்தோம். உதை முன்பைவிடக் கனத்தது. ஒயில் சிறிது நேரம் றிங்கின் இடைவெளியை அடைத்ததால் அமுக்கம் கூடியது என்று அர்த்தம். ஆகவே றிங், அல்லது சிலிண்டர் சுவர். கராஜ்காரர் சொன்னது பொய்யல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். போர் பண்ண வேண்டும் என்ற அவர்களின் கணிப்புச் சரியானதே. ஆனால் ஏன் என்று அவர்கள் விளக்கவில்லை. எஞ்சினை முழுதாக மாற்றத் தேவையில்லை, மேற்பகுதியை மட்டும் செய்தால் போதும் என்பதையும் சொல்லவில்லை.

சிலிண்டரைக் கழற்றுவதா? அக்கா இரண்டு கிழமை யோசித்தார். வால்வு சரிசெய்வது பிழைத்தால் மறுபடி செய்யலாம். எஞ்சினைத் திறந்துவிட்டுப் பூட்ட முடியாமற் போனால் அந்த வீட்டில் உழைப்பு இல்லை. அயலிலிருந்த அத்தான் முறையானவர் வந்து, "உதெல்லாம் பெண்டுகள் செய்யிற வேலையே? சாக்கில கட்டித்தான் கராஜுக்குக் கொண்டு போகப் போறியள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது அச்சுறுத்தல் மட்டுமல்ல, நடக்கக்கூடியதும்தான். கடைகள் மூடியிருக்கும் போயா விடுமுறையோடு சேர்ந்து வந்த ஒரு வார இறுதியைத் தெரிந்தெடுத்தோம். திங்கள் அதிகாலைக்குள் வண்டி ஓட வேண்டும்.

கழற்றுவதில் பலம் தேவைப்பட்டது ஓரிடத்தில் மட்டுமே. ஜப்பானிய வண்டிகளின் நட்சத்திரத் தலை ஆணிகள் ஜிஸ் என்ற ஜப்பானிய அளவுக்குச் செய்யப்பட்டவை. எமது கடைகளில் விற்கும் சாதாரண பிலிப்ஸ் ஸ்குறூ ட்றைவர் அதில் சரியாக இருக்காது, தலையைச் சிதைத்துவிடும். சுத்தியலால் அடிக்க அடிக்கத் திரும்பும் ஒரு வகை ட்றைவர் உண்டு. அதை இரவல் வாங்கினோம். மற்றதெல்லாம் பொறுமையும் ஒழுங்கும்தான். ஒழுங்குக்கு அக்கா கண்டுபிடித்த வழி இடியப்பத் தட்டு! கழித்துப் போட்ட பழைய தட்டுகளை வரிசையாக அடுக்கி, முதலில் கழற்றியது முதற் தட்டில், அடுத்தது அடுத்த தட்டில் என்று வைத்தார். மகன் ஒவ்வொரு தட்டையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்தான். கையேடுகள் கழற்றுவதைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு, பூட்டும் வேலையை "தலைகீழாகச் செய்க" என்ற பொருளில் சுருக்கி முடித்துவிடுகின்றன. தலைகீழாகச் செய்வதற்குத் தட்டுகள்தான் உதவின.

சி90 இல் சிலிண்டர் தலையைக் கழற்றும்போது மூன்று விடயங்களை மறக்கக் கூடாது. கம் சங்கிலியை ஒரு கம்பியால் கட்டி வைக்க வேண்டும். விட்டால் எஞ்சினின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். நான்கு பெரிய நட்டுகளைக் கழற்றியும் தலை அசையவில்லையென்றால் கழற்றாத சிறிய ஆணி ஒன்று பக்கத்தில் இருக்கின்றது. நெம்பினால் அலுமினியச் செட்டை உடையும். அந்த நட்டுகளும் வாஷர்களும் ஒரே மாதிரியானவை அல்ல. மேலே ஒயில் ஏறும் வழி ஒரு தண்டோடு இருப்பதால் இடம் மாற்றிப் போட்டால் ஒயில் கசியும். பிஸ்டனைக் கழற்றும் முன்னர் கீழே தெரியும் வாயைத் துணியால் அடைத்துவிட வேண்டும். பிஸ்டன் ஊசியைப் பிடித்திருக்கும் சிறிய வளையம் துள்ளி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் திறக்க நேரிடும்.

பழைய றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டனால் நேராகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கும் இடையிலான வெளியை அதே ஃபீலர் கேஜால் அளந்தோம். கையேடு தந்த எல்லையைவிட மிகக் கூடுதல். தேயாத அடிப்பகுதியில் வைத்து அளந்தபோது வெளி குறைந்தது. அப்படியானால் சுவரும் தேய்ந்திருக்கின்றது. சிலிண்டரை மட்டும் பையில் போட்டு லேத் வேலை செய்யும் கடைக்கு அக்கா கொண்டு போனார். முதலாவது பெருப்பு அளவான 0.25 மில்லிமீற்றருக்குப் போர் பண்ணினால் போதும் என்றார்கள். சி90 இலும் ஆண்டுக்கு ஆண்டு சிலிண்டர் அளவு மாறியிருக்கின்றது. ஜப்பானியத் தபால் சேவை வண்டியாக இருந்து இங்கே வந்த எம்.டி.90 வைத்திருப்பவர்களும் எஞ்சின் இலக்கத்தைக் காட்டியே பிஸ்டன் வாங்க வேண்டும். அக்கா பழைய பிஸ்டனையும் கையோடு கொண்டு போயிருந்தார். கடைக்காரர் "ஆர் கழட்டினது?" என்று கேட்டாராம். "நான்தான்." அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, விலையைச் சரியாகச் சொன்னார் என்றார் அக்கா.

பூட்டும்போது புது றிங்குகளின் எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். மூன்று றிங்குகளின் வாய்களும் ஒரே நேர்கோட்டில் வராமல் விலகி நிற்க வேண்டும். பறக்கும் சில்லின் "ரி" நேரே நிற்கையில் கம் சில்லிலுள்ள வட்ட அடையாளம் தலையிலுள்ள வெட்டுக்கு நேரே வர வேண்டும்; ஒரு பல் தவறினாலும் எஞ்சின் சரியாக ஓடாது. நட்டுகளைக் குறுக்காக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். இறுக்கும் அளவு சில நூல்களில் நியூட்டன் மீற்றரிலும் சிலவற்றில் கிலோகிராம் மீற்றரிலும் இருக்கும். ஒன்று மற்றதன் ஏறத்தாழப் பத்து மடங்கு. அலகைக் கவனியாமல் இறுக்கினால் அலுமினியத்தில் புரி உரிந்துவிடும்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எஞ்சின் ஓடியது. பூசிய ஒயில் எரிந்த புகை சில நிமிடங்கள் வந்தது. அத்தான் முறையானவர் வேலியோடு நின்று பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு புகை இல்லை.

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் உடலை இரண்டாகப் பிளக்கும் வேலைகளுக்கு விசேட கருவிகள் வேண்டும்; சிலிண்டர் போர் பண்ணுவதற்கு லேத் வேண்டும். அவற்றைத் தொழில் தெரிந்தவரிடமே கொடுக்க வேண்டும். தெரிந்துகொண்டு கொடுப்பது வேறு, தெரியாமல் கொடுப்பது வேறு.

ஆங்கிலம் தடையல்லவா என்று கேட்பீர்கள். சாதாரண தரத்தில் அக்காவுக்கு ஆங்கிலம் சித்தியில்லை. ஆனால் கையேட்டில் திரும்பத் திரும்ப வருவது நூறு சொற்களுக்கும் குறைவே. ஒரு கொப்பியில் அவற்றை எழுதி, எதிரே தமிழ்ச் சொல்லும் சிறு படமும் போட்டோம். கழற்று, தளர்த்து, அள, துடை, இறுக்கு: சமையற் குறிப்பில் வரும் வினைகளை விடக் கடினமானவை அல்ல. 1990 களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெற்றோல் இல்லாதிருந்தபோது, சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய ஊர் இது. அந்த அறிவை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதே என் ஆதங்கம். எமது கொப்பி இப்போது மூன்று பேரிடம் கைமாறியிருக்கின்றது.

போர் பண்ணிய எஞ்சினை முதற் சில நூறு கிலோமீற்றருக்கு முறுக்காமல் ஓட்ட வேண்டும், ஒயிலையும் வழமையை விட நேரத்தோடு மாற்ற வேண்டும். சி90 இல் கழற்றி எறியும் கடதாசி ஒயில் வடி கிடையாது. ஒரு வலையும் சுழலும் வடியும்தான் உண்டு. ஆகவே ஒயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் கூடாது. வடித்த பழைய ஒயிலைக் கிணற்றடியிலோ வாழைப் பாத்தியிலோ ஊற்றாதீர்கள். எமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கின்றது. மேலே ஊற்றுவது கீழே இறங்கும். சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் ஒயில் கலந்த வழக்கில் 2019 இல் உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தது; அதற்குள் எத்தனை வீடுகள் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றன. அக்கா பழைய ஒயிலை மூடியுள்ள கானில் சேர்த்து வைக்கின்றார். நிறைந்ததும் லேத் கடைக்காரர் எடுத்துக்கொள்கின்றார்.